எல்லோரும் நல்ல டிரைவர் என்றால் இடிப்பது யார்?

வடசென்னையில் வண்டி பழகியவர்களுக்கு ஒரு கெத்து உண்டு. "எண்ணூர் ரோட்டுல கன்டெய்னருக்கு நடுவுல ஓட்டினவன், எனக்கு எந்த ஊரு ரோடும் ஒண்ணுதான்" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் துறைமுகத்துக்கும் மணலிக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் ட்ரெய்லர்கள், இன்னொரு பக்கம் காசிமேட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் மீன்பாடி வண்டி, கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும் ஷேர் ஆட்டோ, போதாக்குறைக்கு 'கிட்டதானே' என்று எதிர்த்திசையில் வரும் பைக். இதற்குள் தினமும் புகுந்து முழுசாக வீடு திரும்புகிறவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை வருவது இயல்புதான்.

சங்கடம் என்னவென்றால், அந்த நம்பிக்கை எல்லோருக்குமே இருக்கிறது. ட்ரெய்லர் ஓட்டுநர் பைக்காரரைத் திட்டுகிறார், பைக்காரர் ஆட்டோக்காரரைத் திட்டுகிறார், ஆட்டோக்காரர் மாநகரப் பேருந்தைத் திட்டுகிறார். தன்னைத் திட்டிக்கொள்ள மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இத்தனை நல்ல டிரைவர்கள் இருக்கும் ஊரில் யார்தான் இடிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு உளவியல்காரர்கள் அறுபது வருடமாகப் பதில் தேடுகிறார்கள். அதிகம் பேசப்படுவது ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் இருந்த மாணவர்களிடம் அவர் கேட்டது ரொம்ப எளிய கேள்வி: இங்கே இருப்பவர்களை வரிசையாக நிறுத்தினால், ஓட்டும் திறமையில் நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள்? அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடனில் 69 சதவீதம். பாதுகாப்பாக ஓட்டுவதில் எப்படி என்று கேட்டதற்கு 88 சதவீதமும் 77 சதவீதமும் மேல்பாதிக்குப் போய்விட்டார்கள். பாதிப் பேருக்குத்தான் அங்கே இடம் என்பதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இதற்குக் கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள், அதையும் பார்த்துவிடலாம். சராசரிக்கு மேல் பாதிக்கு மேற்பட்டவர்கள் இருக்கவே முடியாது என்பது சரியில்லை. பத்துப் பேரில் ஒருவர் மட்டும் ஐந்து முறை இடித்து, மற்ற ஒன்பது பேர் ஒரு முறைகூட இடிக்கவில்லை என்றால் சராசரி ஆளுக்கு அரை விபத்து. அப்போது ஒன்பது பேருமே 'சராசரியைவிட நல்லவர்கள்'தான். உண்மையில் விபத்துகள் இப்படிச் சிலர் தலையில்தான் குவிகின்றன. ஆகவே "நான் சராசரியைவிட மேல்" என்று சொல்கிறவரைச் சட்டென்று பொய்யர் என்றுவிட முடியாது. ஆனால் ஸ்வென்சன் கேட்டது சராசரியை அல்ல, வரிசையில் எந்த இடம் என்பதை. வரிசையின் முன்பாதியில் 93 சதவீதம் பேர் நிற்க எந்தக் கணக்கிலும் வழி இல்லை.

மாணவர்கள், சின்னப் பசங்க, அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடலாமா? அதற்கு முன்பே 1965இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பிரெஸ்டன், ஹாரிஸ் என்ற இருவர் வேறொரு கூட்டத்தைக் கேட்டிருந்தார்கள். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 50 ஓட்டுநர்கள். அவர்களோடு ஒப்பிட, வயது முதலானவற்றில் ஒத்த, விபத்தில் சிக்காத இன்னொரு 50 பேர். போலீஸ் பதிவைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் விபத்துக்குத் தாங்களே காரணம். இருந்தும் இரண்டு கூட்டமும் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே 'மிக நன்றாக ஓட்டுகிறவன்' என்ற பக்கத்தில்தான் இருந்தன. கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போதும் அந்த எண்ணம் அசையவில்லை.

இதைத் தலைக்கனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பலர் மனதறிந்து பீற்றிக்கொள்வதில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. ஏன் அப்படித் தெரிகிறது என்பதுதான் விஷயம்.

முதல் காரணம், நல்ல ஓட்டுநர் என்றால் யார் என்பதற்கு ஊரில் ஒரே இலக்கணம் இல்லை. தண்டையார்பேட்டையில் பிள்ளையை ஸ்கூட்டியில் பள்ளிக்கு அழைத்துப்போகும் அம்மாவுக்கு, முப்பதைத் தாண்டாமல் ஓரமாகப் போவதுதான் நல்ல ஓட்டு. உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கு, கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் எந்தச் சந்தில் திரும்பினால் நேரத்துக்குப் போகலாம் என்று தெரிந்திருப்பது. கால் டாக்ஸிக்காரருக்கு, பின்சீட்டில் தூங்குகிறவர் முழித்துக்கொள்ளாமல் பிரேக் போடுவது. மூன்று பேரும் தனக்குக் கைவந்த பாடத்தையே கேள்வித்தாளாக வைத்துக்கொண்டு, தானே திருத்தி, தனக்கு முதல் மார்க் போட்டுக்கொள்கிறார்கள். டேவிட் டன்னிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 1989இல் காட்டியது இதைத்தான். ஒரு குணத்துக்குப் பல விதமாகப் பொருள் கொள்ள முடிகிறபோது நாம் நம்மை உயர்த்திக்கொள்வது அதிகமாகிறது, அளவுகோலை இறுக்கினால் அது குறைகிறது. ஓட்டுநர்களை வைத்தே 2013இல் ராய், லியர்ஷ் இருவரும் செய்த ஆய்வில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. "நான் நன்றாக ஓட்டுகிறேன்" என்று சொன்னவர்களுக்கு, மற்றவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. 'அவங்களுக்கு என்ன தெரியும்' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொன்று. மற்றவர்களை மட்டம்தட்டித்தான் நாம் உயர்கிறோம் என்று தோன்றும். சாலையில் கேட்கும் வசவுகளை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனால் பிரிட்டனில் ஃபிராங்க் மெக்கென்னாவும் சகாக்களும் 1991இல் பார்த்தபோது, மக்கள் பிற ஓட்டுநர்களை நடுவாந்தரமாகத்தான் மதிப்பிட்டார்கள். தங்களை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள். வாய் திட்டினாலும், மனது மற்றவர்களை அவ்வளவு மோசமாக நினைப்பதில்லை போலிருக்கிறது.

வேலை எளிதாகத் தெரிந்தால்தான் இந்த ஏற்றம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜஸ்டின் குரூகர் 1999இல் காட்டினார்: எளிதான வேலைகளில் பலரும் தங்களைச் சராசரிக்கு மேலே வைத்துக்கொள்கிறார்கள், கடினமானவற்றில் கீழே வைத்துக்கொள்கிறார்கள். பைக் ஓட்டத் தெரியுமா என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்துகிறவரிடம், நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லரை ரிவர்ஸில் எடுத்து யார்டுக்குள் விடச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தால் பின்பாகம் எந்தப் பக்கம் போகும் என்று புரியவே பாதி நாள் ஆகும். "ஐயோ, நம்மால ஆகாதுப்பா" என்று உடனே விலகிவிடுவார். தினசரி ஓட்டுதல் எளிதாகத் தெரிவதால்தான் இவ்வளவு பேர் அதில் வல்லவர்கள்.

ஆனால் அது எளிதாகத் தெரிகிறதே தவிர, எளிது இல்லை. திருவொற்றியூரிலிருந்து மணலிப் பக்கம் திரும்பும் ஏதாவது ஒரு சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

ஒரு ட்ரெய்லர் இடதுபுறம் திரும்ப வேண்டும். அதன் நீளம் கிட்டத்தட்ட 16 மீட்டர், கன்டெய்னர் மட்டுமே 12 மீட்டருக்கு மேல். இத்தனை நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக, அதாவது நடைபாதை ஓரத்தை நோக்கி, வெட்டிக்கொண்டு வரும். அது ஓரத்தில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டுநர் முதலில் வண்டியைக் கொஞ்சம் வலதுபக்கம் ஒதுக்கி, அப்புறம் இடதுபக்கம் ஒடிக்கிறார். அவர் வலதுபக்கம் ஒதுங்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில் இடப்பக்கம் ஓர் இடைவெளி திறக்கிறது. பின்னால் வரும் பைக்காரருக்கு அது வழிவிட்டது போலத் தெரிகிறது. 'அண்ணன் ஒதுங்கிட்டாரு' என்று லெஃப்டில் ஏறுகிறார். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. கேபினுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் பைக் அவர் கண்ணில் படாத இடம் நிறைய. பக்கத்தில் கிளீனர் இருந்தால் கதவைத் தட்டி, "லெஃப்ட்ல வண்டி, லெஃப்ட்ல வண்டி" என்று கத்துவார். கிளீனர் இல்லாமல் ஒருவரே ஓட்டிவரும் ட்ரெய்லர்களும் உண்டு.

பெரும்பாலான முறை ஒன்றும் ஆவதில்லை. பைக் முன்னால் போய்விடுகிறது, அல்லது ட்ரெய்லர்காரர் எப்படியோ கண்ணாடியில் பார்த்து நிறுத்திவிடுகிறார். இங்கேதான் பாடமே தலைகீழாகிறது. தப்பித்தவருக்கு அது தப்பித்ததாகவே தெரியவில்லை. 'எப்படிப் பூந்து வந்தேன் பாத்தியா' என்று அதுவும் திறமைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தோசை கருகினால் அடுத்த தோசைக்கு அடுப்பைக் குறைக்கிறோம், ஏனென்றால் தப்பு உடனே கண்ணில் படுகிறது. சாலை அப்படித் திருத்தாது. நூறு தப்புக்கு ஒரு முறைகூடத் தண்டனை தராது, தருகிற நாளில் முன்னறிவிப்பும் இருக்காது. அதையும் மீறி ஒரு முறை உரசிவிட்டால், எதிராளிதான் காரணம் என்று இரண்டு பேருமே சத்தியம் செய்வார்கள். இப்படிப்பட்ட வாத்தியாரிடம் இருபது வருடம் படித்தாலும் நம் மட்டம் நமக்குத் தெரியாது.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்கும்போது நடப்பதும் இதே கதைதான். முன்னால் போனவர் கடந்துவிட்டார் என்றால் அடுத்தவர் இறங்குகிறார். தண்ணீரின் ஆழம், முன்னால் போன வண்டியின் உயரம், தன் வண்டியின் சைலன்ஸர் எங்கே இருக்கிறது என்ற எதையும் யோசிக்காமல், 'நான் எடுத்துடுவேன்' என்கிற ஒரே கணக்கு. இங்கே மட்டும் தண்டனை உடனே கிடைக்கிறது, வண்டி நடுவில் நின்றுவிடும். அதனாலோ என்னவோ, நான்கு மழை பார்த்தவர்கள் சுற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்விடுகிறார்கள்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். ஓட்டும் திறமை ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. ஒன்று வண்டியைக் கையாளுவது: கிளட்ச், கியர், பேலன்ஸ், சந்தில் வளைப்பது, சரியான இடத்தில் பிரேக். மற்றது வரப்போவதை முன்கூட்டியே பார்ப்பது: நிற்கும் பேருந்தின் முன்னாலிருந்து ஓர் ஆள் வெளியே வரலாம், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர் சில்லறை எடுக்கிறார் என்றால் அது நிற்கப் போகிறது, ட்ரெய்லர் வலதுபக்கம் ஒதுங்கினால் அது இடதுபக்கம் திரும்பப் போகிறது. விபத்தோடு அதிகம் தொடர்புள்ளது இந்த இரண்டாவது திறமை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மார்க் ஹார்ஸ்வில்லும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2004இல் ஓட்டுநர்களிடம் இரண்டையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டிலுமே மக்கள் தங்களை உயர்த்திக்கொண்டார்கள், ஆனால் ஆபத்தை முன்கூட்டிப் பார்க்கும் திறமையில்தான் அந்த மிகை அதிகம். அதாவது, எதில் தப்புக்கணக்கு போட்டால் அடி பலமாக விழுமோ, அதில்தான் நாம் அதிகமாகத் தப்புக்கணக்கு போடுகிறோம்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கியர் சரியாக விழவில்லை என்றால் வண்டி உறுமிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்காமல் விட்ட ஆபத்து, பார்க்காமல் விட்டது என்பதையே நமக்குச் சொல்லாது. இதற்குள் வேகமும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் கடக்கிறார். ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால் 21 மீட்டர், ஒரு முழு ட்ரெய்லர் நீளத்துக்கும் மேல், பிரேக் தொடுவதற்கு முன்பே ஓடிவிடுகிறது. கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த 21 மீட்டரில் அதற்கு வேலையே இல்லை.

நம் ஊரில் பாராட்டுக் கிடைப்பதெல்லாம் முதல் திறமைக்குத்தான். 'கட் அடிச்சான் பாரு' என்பதற்குத்தான் விசில். முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைத்தவரை 'பயந்தாங்கொள்ளி' என்கிறோம், பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிக்கிறார். லைசென்ஸ் தேர்வும் இதற்கு விலக்கல்ல. எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாதம் கழித்து, கால் ஊன்றாமல் 'எட்டு' போட்டுக் காட்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்தி அடைகிறார். எட்டு போடுவது பேலன்ஸைச் சோதிக்கும். அந்த மைதானத்தில் குறுக்கே ஓடும் பிள்ளையோ, திடீரென்று திறக்கும் கார் கதவோ, ட்ரெய்லரோ கிடையாது. எழுத்துத் தேர்வில் வரும் சின்னங்களும் அப்படித்தான், வளைவைக் குறிக்கும் படத்தை அடையாளம் காண்பது வேறு, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கலாம் என்று நினைப்பது வேறு. பிரிட்டனில் 2002இலிருந்து எழுத்துத் தேர்வோடு வீடியோ காட்டி, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தச் சொல்லும் தேர்வும் சேர்ந்திருக்கிறது. நம் சாலைக்கு அது பத்து மடங்கு தேவை என்பது என் எண்ணம். மூலக்கடைச் சந்திப்பில் ஒரு கேமராவை ஒரு மணி நேரம் வைத்தால் மொத்தக் கேள்வித்தாளும் தயார்.

சரி, அனுபவம் வந்தால் இந்த மிகை குறையாதா? பிரிட்டனில் உயர்நிலைப் பயிற்சி பெற்ற போலீஸ் ஓட்டுநர்களை வைத்து 2004இல் பார்த்தார்கள். தங்களைப் போலவே அதே பயிற்சி பெற்ற சக போலீஸ்காரர்களைவிடத் தாங்கள் மேல் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், புதிதாக ஓட்டுகிறவர்கள் நினைக்கும் அதே அளவுக்கு. முதியவர்களிடமும் மாற்றம் இல்லை. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1998இல் வெளியான ஆய்வில், வயதான ஓட்டுநர்கள் தங்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்கும் சாலையில் அவர்கள் ஓட்டிக்காட்டியதற்கும் சம்பந்தம் காணப்படவில்லை. நம் சட்டமும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019 திருத்தத்துக்குப் பின், முப்பது வயதுக்குள் லைசென்ஸ் எடுப்பவருக்கு நாற்பது வயது வரை அது செல்லும். பதினெட்டில் எட்டு போட்டவரை இருபத்திரண்டு வருடம் யாரும் ஓட்டிக்காட்டச் சொல்வதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு வருடாவருடம் கிடைக்கும் மதிப்பெண் என்று பார்த்தால், இன்ஷூரன்ஸில் வரும் 'நோ க்ளெய்ம் போனஸ்' ஒன்றுதான். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஆனால் அந்தத் தள்ளுபடி போய்விடக் கூடாதே என்றுதான் பலரும் சின்னச் சின்ன இடியையெல்லாம் டிங்கரிங் கடையில் சொந்தக் காசு கொடுத்துச் சரிசெய்துகொள்கிறார்கள். ஆக அது நாம் இடிக்கவில்லை என்பதற்குச் சான்றில்லை, கேட்கவில்லை என்பதற்குத்தான்.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுக்குள் கொண்டுவரப் பயிற்சி கொடுத்தார்கள். 1980களில் கணக்கெடுத்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற இளம் ஆண்களுக்கு வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. வித்தை கைவந்தது கொஞ்சம், வந்துவிட்டதென்ற நினைப்பு நிறைய. ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் 1996இல் இதைச் சோதனையாகவே செய்தார். புதிதாகப் பழகுகிறவர்களில் ஒரு குழுவுக்கு அவசர பிரேக், விலகுதல் போன்றவற்றில் கைத்திறன் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு, அதே சூழலில் தங்கள் கை எங்கே கைவிடும் என்று புரியவைக்கும் பயிற்சி. பிறகு சோதித்ததில் ஓட்டிக்காட்டிய திறமையில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் குழு தன் திறமையைக் கூடுதலாக மதிப்பிட்டது. ட்ரெய்லர் கேபினில் ஒரு முறை ஏறி உட்கார்ந்து, இடப்பக்கம் தன் பைக்கை நிறுத்தச் சொல்லி, அது கண்ணில் படுகிறதா என்று பார்த்தவருக்குக் கிடைப்பதும் இந்த இரண்டாவது வகைப் பயிற்சிதான். டிரைவிங் ஸ்கூல்களில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரிய செலவு ஆகாது, மணலியிலோ மாதவரத்திலோ நிற்கும் ட்ரெய்லர்களுக்குப் பஞ்சமும் இல்லை.

தனியாகச் செய்துபார்க்க ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் போலீஸ் ஓட்டுநர் பயிற்சியில் நெடுநாளாக இருப்பது: ஓட்டிக்கொண்டே, பார்ப்பதையும் அதிலிருந்து எதிர்பார்ப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது. "முன்னால் தண்ணி லாரி, பின்னால் ஈரம், ஒதுங்குறேன். வலதுபக்கம் பஸ் நிக்குது, ஆள் வரலாம், கால் பிரேக்ல. சந்துல பந்து சத்தம், பசங்க இருக்காங்க." டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை காரில் ஒரு தடவை இப்படிப் போய்ப் பாருங்கள். பக்கத்து சீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் சொல்லாமல் விட்டதை மட்டும் அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருக்கமான நண்பர் வேண்டாம், அவர் மரியாதைக்காகப் பாதியை விட்டுவிடுவார்.